வெள்ளைப்பூவைக் காய்க்க வைத்த அம்மையாருக்கு

பூத்த செடியைப் பார்த்துப் பூரிப்போர் பலருண்டு. அது காய்க்குமா என்று கவலையோடு கால்கடுக்கக் காத்திருப்போர் தங்களைப் போல் எவருண்டு, எங்கள் தாவரவியல் தோட்டத்தின் தலைமை ஆய்வாளரே, பெருமைமிகு அம்மையாரே!

முப்பத்தோராண்டுப் பணி முழுவதையும் இம்மடலில் அடக்க முயன்று தோற்றோம். ஆகவே ஒன்றை மட்டும் உரைக்கிறோம்.

ஊதா ஒன்று, வெள்ளை ஒன்று. இலையிலும் உயரத்திலும் ஒட்டிப் பிறந்தாற்போன்ற இரு மலைச்செடிகள், இரண்டுமே அருகி வருபவை. அடுத்தடுத்த பாத்திகளில் நட்டு, பூச்சி அண்டாதிருக்க இரண்டுக்கும் வலை போர்த்தினோம். ஊதா காய்த்துக் குலுங்கியது. வெள்ளையோ பூத்துப் பூத்து உதிர்ந்தது. மூத்த செடிகள் ஒவ்வொன்றாய்ப் பட்டுப்போயின.

"காய்க்காததுக்கு எதுக்கும்மா இடம்? அந்தப் பாத்தியிலயும் ஊதாவையே போட்டுடலாம்," என்றார் இயக்குநர்.

"இன்னும் ஒரு பூப்பருவம் விடுங்க சார். அப்பவும் காய்க்கலைன்னா நானே பிடுங்கித் தர்றேன்," என்றீர்கள்.

கையில் பூதக்கண்ணாடியோடு இரு பாத்திகளுக்கும் நடுவே முக்காலி போட்டமர்ந்தீர்கள். 'பூதக்கண்ணாடியம்மா' என்ற பட்டமும் பெற்றீர்கள். ஒருநாள் தங்கள் சிரிப்பொலி கேட்டு ஓடிவந்தோம்.

"நல்லா காவல் காத்தீங்கப்பா! பொண்ணை உள்ள வெச்சுப் பூட்டிட்டு, வரன் கொண்டுவர்ற தரகரை வாசலோட துரத்திட்டீங்களே!"

"எந்தத் தரகரும்மா?" என்று விழித்தார் தலைமைத் தோட்டக்காரர்.

"அதோ, வலைக்கு வெளிய ரீங்காரம் போட்டுச் சுத்துறாரே, அவர்தான்!"

ஊதாப்பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்கும். வெள்ளைப்பூவுக்கோ வேறொரு வெள்ளைச் செடியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்தாக வேண்டும். ஒப்பிட்டு உணர்ந்து தாங்கள் உரைத்த அன்றே வலை விலகியது. அப்பருவத்திலேயே வெள்ளை காய்பிடித்தது, கொத்துக் கொத்தாய்!

காயைத் தடவிப் பார்த்த இயக்குநர், "இதைப் பிடுங்கணும்னு யார் சொன்னது?" என்றார்.

"நீங்க இல்ல சார், தோட்டத்துக் காத்து சொல்லுச்சு," என்றீர்கள். முதலில் சிரித்தவர் அவரே!

அவ்விதைகளின் கன்றுகளை மலைச்சரிவில் நட்டுவிட்டு, பிழைக்குமா என்று பருவந்தோறும் ஏறிப் பார்த்தீர்கள். சென்ற வாரம் அங்கிருந்து தொலைபேசியில் அழைத்தீர்கள். "பூத்திருக்காம்மா?" என்று கேட்டோம்.

"பூவா? காய்ச்சு, வெடிச்சு, கீழ கன்னே முளைச்சிருக்குப்பா!"

அலுவலகமே எழுந்து நின்று கைதட்டியது தங்கள் செவிக்கு எட்டியிருக்கும். மலையேறும் கால்களும் மங்காத கண்களும் மாறாத நகைச்சுவையும் நெடுங்காலம் தங்களுக்கு நிலைக்கட்டும்!

என்றும் தங்கள் அன்பில் தழைக்கும்,
தோட்டப் பணியாளர்கள் அனைவரும்