கரடிப் படத்தில் மறைத்த அரை நிமிடம்

இந்த டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை ஐயா, நான் எதையும் குறை சொல்லிப் பழகியவன் இல்லை. கொடுத்ததைக் குடிப்பேன், கொடுக்காவிட்டால் காத்திருப்பேன். காவேரிப்பட்டினத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர் முனிவேல் எப்படி என்று. பொறுமைசாலி என்பார்கள்.

அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் வெள்ளிக்கிழமை நடந்தது விளங்கும். அது ஒரு பொம்மைப் படத்திலிருந்து வந்தது.

எனக்குச் சொந்த ஊர் பாரூர். முப்பத்து நாலாம் வருஷம், எனக்குப் பத்து வயது. மெஹபூப் பாஷா என்கிற பாய் மாட்டுவண்டியில் ஒரு மிசினை ஏற்றிக்கொண்டு வந்து ஏரிக்கரையில் கூடாரம் போட்டார். பேசாத படங்கள். வலது கையால் மிசினைச் சுற்றிக்கொண்டே வாயால் கதை சொல்வார். வந்திருப்பவர்களைப் பார்த்துத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் மாற்றி மாற்றிச் சொல்வார். பெரிய படத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் ஒரு பொம்மைப் படம் ஓடும். கோட்டில் வரைந்த இரண்டு கரடிகள், அண்ணனும் தம்பியும். வெளியே கொட்டுகிற மழை. பெரிய கரடி வீட்டுக்குள் உட்கார்ந்து தேன் தின்னும், சின்னக் கரடி வாசலில் நனைந்துகொண்டு நிற்கும். அந்த இடத்தில் பாய் இடது கையை லென்சின் முன்னால் வைத்துவிடுவார். திரை இருண்டுவிடும். அந்தக் காலத்தில் அது வழக்கம்தான், பெண்டு பிள்ளைகள் பார்க்கக்கூடாதது வந்தால் ஓட்டுகிறவர் கையால் மறைப்பார். இருட்டில் பாயின் குரல் மட்டும் வரும். "சின்னக் கரடி கோபப்படல. பொறுத்துச்சு. பொறுத்தார் பூமி ஆள்வார். பெரிய கரடிக்கு வெக்கமாப் போச்சு. கதவத் தொறந்து தம்பியக் கூப்பிட்டுச்சு." கையை எடுப்பார். வாசலில் இரண்டு கரடிகளும் சேர்ந்து ஆடிக்கொண்டிருக்கும்.

ஆறு நாள் ஓடியது, ஆறு நாளும் போனேன். முதல் நாள் எனக்குச் சரியாக நினைவில்லை. மற்ற ஐந்து நாளும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். அப்போது அந்தச் சொல் என் நெஞ்சில் இறங்கியது.

அதன்படியே வாழ்ந்தேன். என் அண்ணன் திம்மப்பன் கால் ஊனமானவன், சின்ன வயதில் ஏரி மதகில் விழுந்துவிட்டான். வழுக்கி விழுந்தான் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். அந்தக் காலுக்கு இரங்கி அப்பா வாய்க்கால் ஓரத்து நிலம் முழுவதையும் அவன் பேருக்கு எழுதினார். எனக்குக் கொல்லைமேட்டுக் கற்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனுக்கு ஒருநாள் வெட்கம் வரும், கதவைத் திறந்து கூப்பிடுவான் என்று இருந்தேன். கெம்பம்மாவைப் பெண் கேட்கவும் அப்படித்தான் பொறுத்திருந்தேன். அவள் இப்போது ஓசூரில் நான்கு பிள்ளைகளுக்குத் தாய்.

போன செவ்வாய்க்கிழமை பாய் எங்கள் கொட்டகைக்கு வந்தார். இருபத்து மூன்று வருஷம் கழித்து. தாடி வெளுத்திருந்தது, இடது கைச் சுண்டுவிரலில் அதே வளைவு. மகள் சுக்ராவின் வீட்டோடு வந்துவிட்டாராம். கையில் ஒரு பிஸ்கட் டின், அதற்குள் அந்தக் கரடிப் படம்.

"தம்பி, நோம்புப் பெருநாளைக்கு எம் பேரப் புள்ளைங்களுக்கு இத ஒருதபா காட்டணும். உங்க மிசின்ல ஓடுமான்னு பாத்துச் சொல்லு. மெதுவாப் பாரு, அவசரமில்ல."

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நானும் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் போனதும் படத்தை மாட்டி ஓட்டினேன். சிரிப்பாக இருந்தது ஐயா. மழை என்பது வெறும் கோடுகள், கரடிகளுக்குக் கழுத்தே இல்லை. இதற்கா உயிரை விட்டோம் என்று தோன்றியது. பிறகு அந்த இடம் வந்தது. மறைக்க இப்போது கை இல்லை.

சின்னக் கரடி பொறுக்கவில்லை. உள்ளே போய்ப் பெரியதின் பிடரியில் ஒரு தள்ளு. பெரியது அடுப்பின்மேல் போய் விழுகிறது. சின்னது வெளியே வந்து கதவைத் தாழ் போடுகிறது. வீடெல்லாம் புகை. கொஞ்ச நேரத்தில் கதவு பெயர்ந்து விழ, பெரியது முகமெல்லாம் கரியோடு வெளியே வந்து ஒரு தும்மல் போடுகிறது. பிறகு இரண்டும் சேர்ந்து ஆடுகின்றன. அவ்வளவுதான் படம்.

நான்கு தடவை பார்த்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுகிறவனாக இருந்தால் அண்ணனிடம் போயிருப்பேன். ஒரு கையகலத்துக்குப் பின்னால் என் வாழ்க்கையை ஒருவர் ஒளித்துவைத்திருந்தார், அதைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வரச் சொன்னேன். சாயங்காலம் வரைக்கும் கொட்டகையில் ஆள் இருக்காது.

எங்கள் மிசின் ரூம் நான்கு பக்கமும் தகரம். வெளியே தாழ்ப்பாள். ஊருக்கு ஊர் வேடிக்கை பார்க்கிறவர்கள் உள்ளே புகுந்துவிடுவார்கள் என்று, ஆபரேட்டர் உள்ளே போனதும் வாட்ச்மேன் கங்கப்பன் வெளியே தாழ் போடுவான். வெளியே வர வேண்டுமானால் உள்ளிருந்து இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். சர்க்கார் விதிக்கு அது ஒத்துவராது, ஆனால் எங்கள் முதலாளிக்கு ஒத்துவரும். மணல் வாளியும் தண்ணீர் வாளியும் உள்ளேதான் இருக்கும். அன்றைக்குப் பாய் உட்கார ஒரு ஸ்டூல் போட வேண்டியிருந்ததால் இரண்டையும் வெளியே எடுத்து வைத்தேன். இரண்டிலும் விளிம்பு வரைக்கும் நிரப்பித்தான் வைத்தேன். அந்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

பாய் வந்தார். நோன்பு என்பதால் தண்ணீர்கூட வேண்டாம் என்றார். படத்தை ஓட்டினேன். பேரப் பிள்ளைகள் பார்ப்பதற்கு முன்னால் அவரே குழந்தையாகிச் சிரித்தார். அந்த இடம் வந்ததும் கேட்டேன், இதை எதற்குப் பாய் மறைத்தீர்கள் என்று.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"உனக்கெப்பிடித் தெரியும்? பாரூர்ல நீ பாத்தியா? அது ஒரு பாவம் தம்பி. மொத நாளு மறைக்காமத்தான் காட்டுனேன். ஒரு பையன் அந்த எடத்துல எந்திரிச்சு நின்னு கை தட்டுனான். மறுநாளு காலையில அவன் அண்ணன மதகுல தள்ளிட்டான். நான் கரையில பல் வெளக்கிட்டு இருந்தேன், கண்ணால பாத்தேன். வழுக்கி உளுந்துட்டான்னு ஊட்டுக்காரங்க சொன்னாங்க, நானும் வாயத் தொறக்கல. சின்னப் புள்ள, பேரு கெட்டுப் போயிடும்."

"அப்புறம்?"

"அப்புறமும் அவன் தெனம் வந்தான், முன்னாடி உக்காந்தான். கூடாரத்தக் கட்டிட்டுப் போயிடலாம்னுதான் நெனச்சேன். ஆனா அவன அப்பிடியே உட்டுட்டுப் போக மனசு வரல. கைய வெச்சு மறைச்சு அந்தப் பொறுமைக் கதையக் கட்டுனேன். ஊருக்காக இல்ல, அவன் ஒருத்தனுக்காக. அவன் மொகத்தப் பாத்துத்தான் சொல்லுவேன். இன்னிக்கும் தொழுகையில அவனுக்குன்னு ஒரு வார்த்த கேக்கறேன். எங்கியோ நல்ல மனுசனா இருப்பான்."

எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது ஐயா. ஒரு பையனைப் பற்றி இப்படி ஒரு கதையைக் கட்டி, அதைத் தொழுகை வரைக்கும் கொண்டுபோயிருக்கிறாரே என்று. அண்ணன் மதகில் குனிந்து மீன் பார்த்துக்கொண்டிருந்தான், நான் பின்னால் நின்றேன். கல் பாசி பிடித்த கல். இதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. கதை கட்டிப் பழகியவர் எல்லாவற்றையும் கதையாக்கிவிடுகிறார். நாளைக்குப் பேரப் பிள்ளைகளிடம் சொல்வார், அடுத்து ஊரில் சொல்வார்.

"அந்த இடத்தை இன்னொரு தடவை பார்க்கலாம் பாய். பழையபடி கையை வையுங்கள்" என்றேன். சந்தோஷமாக எழுந்து லென்சின் முன்னால் இடது கையை வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "சின்னக் கரடி கோபப்படல" என்று ஆரம்பித்தார்.

பழைய பிலிம் ஓடிக்கொண்டிருக்கிற வரைக்கும் சாது. விளக்கின் முன்னால் நின்றால் மூன்று எண்ணுவதற்குள் பற்றிக்கொள்ளும். அன்றைக்கு அதை ஒட்டி இன்னும் எட்டு ரீல் அடுக்கியிருந்தது. எல்லாம் பழையது, நான்தான் அடுக்கினேன். மிசினை நிறுத்தினேன், விளக்கை எரியவிட்டேன். பாயின் பிடரியில் ஒரு தள்ளு, பலமாக இல்லை, படத்தில் வந்த அளவுக்குத்தான். வெளியே வந்தேன். தாழ் போட்டேன்.

நீங்கள் இதைக் கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள். குழந்தைகள் பார்க்கிற படம் ஐயா அது. அதில் இருந்ததைவிடக் கூடுதலாக நான் ஒன்றும் செய்யவில்லை.

உள்ளே இரண்டு தட்டுத் தட்டினார். வழக்கம் தெரிந்த மனிதர். பிறகு நிறையத் தட்டினார். என்னை யாரென்று கடைசியில் தெரிந்துகொண்டார்போல, "பாரூர்ப் பையா" என்று ஒரு தரம் கூப்பிட்டார். திட்டவில்லை. தகரத்தின் இடுக்கிலெல்லாம் புகை வந்தது. நான் வாளிகளுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். படத்தில் இந்த இடத்தில் கதவு பெயர்ந்து விழ வேண்டும். பெரியது கரிமுகத்தோடு வெளியே வந்து தும்ம வேண்டும்.

தட்டுவது நின்றது. கங்கப்பன் எங்கிருந்தோ ஓடிவந்து, என்னைத் தள்ளிவிட்டு, கை வெந்துபோகத் தாழை இழுத்துத் திறந்தான். அவன் அவசரக்காரன். நான் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்திருப்பேன்.