பக்கத்து வீட்டுச் சண்டை

தாம்பரத்தில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் வேலை முடிந்து வீடு திரும்பும் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னதைக் கேட்டு, வெளியே பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

"பக்கத்து வூட்ல தெனம் சண்டைக்கா. கேக்கக் கேக்க எனக்கு வயிறு எரியுது."

பெரியவள் சிரித்தாள். "சண்டையப் பாத்து எவளாவது பொறாமப்படுவாளாடி? லூசா நீ?"

"அந்த வூட்டு அண்ணனும் எங்க வூட்டுக்காரரும் சிறுசேரிக்கு ஒரே கம்பெனி வண்டிதான் ஓட்டினாங்க. ஒண்ணாத்தான் வேலை போச்சு. அங்க அவரு கத்துறாரு, அவ தட்டத் தூக்கி அடிக்கிறா. அப்பறம் அல்லாரும் ஒண்ணா குந்தி சிரிச்சிகினே துன்றாங்க. எங்க வூட்ல பேச்சே கெடையாது. செவுத்தப் பாத்துகினு படுத்துகினு கீறாரு. பசங்ககூட சத்தமில்லாம நடக்குதுங்க."

"அப்ப நீயே ஒரு சண்டைய ஆரம்பி. கொழம்புல உப்பு போடாம வையி. தன்னால கத்துவாரு பாரு."

மேடவாக்கம் நெருங்கியது. இளையவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நேத்தே போடலக்கா. ஒரு வார்த்த சொல்லாம துன்னாரு. அவரு மூஞ்சியப் பாத்துட்டு பசங்களும் பேசாம துன்னுட்டு எழுந்துச்சுங்க."