புது அக்காவுக்கு வந்த சீட்டுகள்

பிள்ளைகளுக்கு நகம் வெட்டுவதற்கு முன் விரல்களை வெதுவெதுப்பான நீரில் சற்று ஊற வைக்க வேண்டும். நகம் மெத்தென்று ஆகிவிடும், பிள்ளை கையை இழுக்காது. பள்ளி விட்டபின் பெற்றோர் வேலையிலிருந்து வரும்வரை பிள்ளைகள் தங்கும் இந்தக் காப்பகத்தில் பதினோரு வருடமாக நகம் வெட்டுகிறவள் நான். எல்லோருக்கும் பெரியக்கா. நீங்கள் எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். ஒளிக்க ஒன்றுமில்லை.

செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி பூட்டிக் கிடக்கும். அடிக்கிறார்கள், மிரட்டுகிறார்கள் என்று வாய்விட்டுச் சொல்லப் பயப்படுகிற பிள்ளை அதில் எழுதிப் போடலாம். யாரிடம் சொல்ல விருப்பமோ அவர் பெயர் மேலே இருக்க வேண்டும். அவர்தான் பிரிக்க வேண்டும். அது என் யோசனை. சாவியும் என்னிடம்தான். பத்து வருடமும் எல்லாச் சீட்டிலும் என் பெயர்தான். பெல்ட்டால் விளாசிய ஒரு சித்தப்பாவை அப்படித்தான் போலீஸில் பிடித்துக் கொடுத்தேன்.

பிறகு புது அக்கா வேலைக்கு வந்தாள். நேற்று முளைத்தவள். தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து பிள்ளைகள் பேசுவதைக் கேட்பாள், அவ்வளவுதான். அதற்கே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். எனக்கு வயிறெரிந்தது. அதையும் மறைக்கவில்லை.

ஓட்டைப்பல் என்று நான் செல்லமாகக் கூப்பிடும் எட்டு வயதுக்காரி, நான்கு வயதிலிருந்து என் இடுப்பை விட்டு இறங்காதவள், அவளும் 'புது அக்காவுக்கு' என்று எழுதிப் போட்டாள். பிரித்தேன்.

'அம்மா டூட்டிக்குப் போனதும் மாமா என்னைத் துணி பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டறாரு. மூச்சு முட்டுது.'

சீட்டை நீவி என் மேசை இழுப்பறையில் வைத்தேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரை மணியில் அந்த மாமனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அவள் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். தலை சீவும்போது கேட்டும் பார்த்தேன்.

"பெரியக்காகிட்ட ஏதாச்சும் சொல்லணுமா கண்ணு?"

"இல்ல பெரியக்கா. புது அக்கா என் சீட்டப் படிச்சாங்களா?"

"படிச்சாளே. நீ சும்மா கதை விடறேன்னு சிரிச்சா."

அப்போதாவது என் பக்கம் திரும்புவாள் என்றுதான் அப்படிச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு போனாள். மறு வாரம் இன்னொரு சீட்டு.

'புது அக்கா, நிஜமாத்தான் சொல்றேன்.'

பிடிவாதக்காரி. அதையும் உள்ளே வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அவள் அம்மா வந்து பீரோவைத் திறந்தபோது பிள்ளைக்கு நினைவில்லை. மாமனை நீங்கள் பிடித்துவிட்டீர்கள், சந்தோஷம். இரண்டு சீட்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

இன்று காலை கண் திறந்தாளாம். ஒரு ஐந்து நிமிடம் என்னை அவள் பக்கத்தில் விடுங்கள். புது அக்கா கைவிட்டாலும் பெரியக்கா கைவிட மாட்டாள் என்று இப்போதாவது அவளுக்குப் புரியும்.