பின்பால் மெஷினின் பச்சை வயர்

விளையாட்டுகளில் எனக்கு ஆர்வம் கிடையாது. ஆம்பூரில் எங்கள் தோல் தொழிற்சாலையின் ஓய்வுக்கூடத்தில் இருந்த பின்பால் மெஷினை நான் ஒருமுறைகூட ஆடியதில்லை. தோல் வாங்க வரும் ஜெர்மானியர் ஒருவர் முதலாளிக்கு அனுப்பிய பழைய மெஷின் அது. ஸ்பிரிங்கை இழுத்துவிட்டால் இரும்புக் குண்டு மேலே ஓடி, முட்டி மோதிக் கீழே வரும். கண்ணாடியில் ஆரஞ்சு எண்கள் ஏறும்.

1997இல் அது நின்றுபோனது. சுவிட்சைப் போட்டால் ஃபியூஸ் போனது. நான் மின்பிரிவு ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் என்னைக் கேட்டார்கள். நான் என் மகன் இன்பராஜைக் காட்டினேன். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் கை பட்ட வயரிங்கில் யாரும் குறை சொன்னதில்லை. அந்த ஜெர்மானியர் மறுபடி வரும்போது மெஷின் ஓடினால் இன்பராஜை உதவி இன்ஜினியராக எடுப்பதாக முதலாளி சொன்னார்.

எண்களுக்குக் கரண்ட் தரும் போர்டில் கருகிய ரெசிஸ்டரை அவன் சரியாகவே கண்டுபிடித்து மாற்றினான். ஃபியூஸ் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் நின்றது. எண்கள் எரிந்தன. முதலாளி அவன் தோளில் தட்டிக்கொடுத்தார்.

கூடத்தைத் துடைக்கும் சவுரியம்மாள்தான் முதலில் சொன்னாள். "ஐயா, அந்த ஆட்ட மிஷினு இரும்புல கை வெச்சா சுருக்குனு இழுக்குது."

"உனுக்கு வயசு ஜாஸ்தி ஆயிடுச்சு, நரம்பு இழுக்குது," என்றார் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த தொழிலாளி மக்பூல் அகமது. அவளும் சேர்ந்து சிரித்தாள். ஈரக்கையோடு தொட்டால் அப்படித்தான் இருக்கும் என்று நான் சொன்னேன்.

அவர்கள் போனதும் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது. காசு போடும் கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் ஒரு வயர் நசுங்கி, இரும்புச் சட்டத்தில் கரண்ட் ஏறியிருந்தது. ஃபியூஸ் போனது அதனால்தான். இன்பராஜ் அதைத் தேடவில்லை. பச்சை வயரை, அதாவது கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த்தை, கழற்றி டேப் சுற்றிவிட்டிருந்தான். அதன்பின் ஃபியூஸ் போகவில்லை. கரண்ட் சட்டத்திலேயே நின்றது.

பிளக்கைப் பிடுங்கியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள். அங்கேயே திறந்து சரிசெய்தால், மகன் வேலையைத் தகப்பன் திருத்தினான் என்று பேச்சு வரும். ஜெர்மானியர் மறுநாள் வந்து போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அந்தக் கூடத்தில் ஜெபக்கூட்டம் நடக்கும். செருப்பை வெளியே விடவேண்டும் என்று விதி போட்டவன் சபை மூப்பரான நான். மறுநாள் காலை சவுரியம்மாள் ரப்பர் செருப்போடு துடைக்க வந்தாள்.

"மிஷினாண்ட பயமா இருக்குது ஐயா," என்றாள்.

"செருப்பு," என்று மட்டும் சொன்னேன். கழற்றினாள்.

மெஷினருகே விழுந்துகிடந்த அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடியபோது கூடத்தில் நான் மட்டும் இருந்தேன். நசுங்கிய வயருக்கு டேப் சுற்றி ஒதுக்கினேன். பச்சை வயரை அதன் இடத்தில் முறுக்கினேன். போலீஸ் வந்தபோது மெஷின் ஒழுங்காக இருந்தது. ஈரக்கையோடு பிளக்கைப் பிடித்திருப்பாள் என்று சொன்னேன். சபை மூப்பர் சொன்னதை யார் மறுப்பார்கள்?

அவள் மகள் ஹெலன் மட்டும் கேட்டாள். "எங்கம்மா பிளக்குகிட்டயே போவ மாட்டாங்களே ஐயா."

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இறந்தவர்களைப் பற்றி வீண் பேச்சு வேண்டாம் அம்மா என்று சொல்லி அனுப்பினேன்.

அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் இன்பராஜ் தலை குனிந்து நடந்தான். எங்கள் வீட்டு ஆண் தெருவில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

"அப்பா, நான் எர்த்த கழட்டி வெச்சிருந்தேன். அதனாலயா?"

"உன் வேலைல தப்பு இல்ல. நிமிந்து நட."

நிமிர்ந்தான். இப்போது ராணிப்பேட்டையில் ஒரு பெரிய ஷூ கம்பெனியின் மின்சாரம் முழுவதும் அவன் பொறுப்பு. நூற்றுக்கணக்கான பெண்கள் அங்கே மெஷின்களில் வேலை செய்கிறார்கள். எந்த மெஷினில் ஃபியூஸ் போனாலும் பச்சை வயரைக் கழற்றி ஒரு நொடியில் ஓட்டிவிடுவான் என்று அவனிடம் வேலை செய்பவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள்.

நான் இன்னும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது. அதை நான் ஒருவனே சுமப்பதுதான் குடும்பத்துக்கு மரியாதை.