முந்நூற்றுப் பன்னிரண்டு படிகளை எண்ணி வந்தவருக்கு

சொல்லுக்குச் சொல் மெய் தேடிய செம்மலே! வரிக்கு வரி வாசகர் நலம் நாடிய வாஞ்சையே! எங்கள் வார இதழின் பயணப் பக்கத்தை இருபத்தொன்பது ஆண்டுகள் கண்ணுக்குள் வைத்துக் காத்த துணையாசிரியரே! வாசல் காவலர் முதல் ஆசிரியர் வரை, மூத்தவரும் இளையவரும் வேறுபாடின்றி ‘அக்கா’ என்றழைக்க, அகம் மலர்ந்து திரும்பிப் பார்க்கும் அன்பின் வடிவே! தங்களுக்கு எங்கள் தலைதாழ்ந்த வணக்கம்.

“எதுக்குப்பா இத்தனை அடைமொழி?” என்று தாங்கள் முன்வரிசையில் அமர்ந்தபடி புருவத்தை உயர்த்துவது, இதைப் படிக்கும் எங்களுக்கு இங்கிருந்தே தெரிகிறது. இன்று ஒரு நாள் பொறுத்தருள வேண்டும் அக்கா. பாராட்டு மடல் என்றால் உச்சி கொஞ்சம் குளிரத்தான் செய்யும். ஆனால் இதிலுள்ள செய்தி ஒவ்வொன்றையும் இரண்டு பேரிடமாவது கேட்டுச் சரிபார்த்த பிறகே எழுதினோம் என்பதை மட்டும் நம்புங்கள்.

பளபளக்கும் சொல்லைக் கண்டால் பதறாமல், பகைக்காமல், பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்குவமாய்க் கேள்வி கேட்டவர் தாங்கள். ‘யாரும் அறியாத சொர்க்கம்’ என்று ஒருவர் எழுதிவந்தால், “யாருக்குத் தெரியாது? அங்க நாலாயிரம் பேர் குடியிருக்காங்களே, அவங்களுக்குமா தெரியாது?” என்பீர்கள். ‘புன்னகை மாறாத எளிய மக்கள்’ என்று இன்னொருவர் எழுதினால், “விடுதியில வேலை பாக்குறவங்க விருந்தாளியைப் பாத்துச் சிரிக்காம என்ன செய்வாங்க? வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறப்ப பார்த்தீங்களா?” என்பீர்கள். புகழ்ச்சிக்கு மட்டுமல்ல, இகழ்ச்சிக்கும் தங்களிடம் அதே அளவுகோல்தான். ‘இந்த ஊர்க்காரர்கள் ஏமாற்றுக்காரர்கள்’ என்று எழுதி வந்தவரிடம் எத்தனை பேரிடம் பேசினீர்கள் என்று கேட்டீர்கள். “ஒரு டாக்ஸிக்காரர்கிட்ட” என்றார் அவர். “அப்ப அந்த டாக்ஸிக்காரர் ஏமாத்தினார்னு எழுதுங்க. ஊரை விட்டுடுங்க” என்று சிரித்தபடி பேனாவை நீட்டினீர்கள். ‘பார்த்தீங்களா’ அக்கா என்று தங்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் தங்கள் காதுக்கு எட்டியிருக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எட்டிப் பதினைந்து வருடமாகிறதாம்!

அவையில் கூடியிருக்கும் அன்பர்களே! இந்தப் ‘பார்த்தீங்களா’ கேள்வி அக்காவிடம் எப்படி வந்தது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவராக என்றும் சொன்னதில்லை. போன மாதம் ஒரு பிற்பகல் மின்சாரம் போய், கணினிகளெல்லாம் அணைந்து, அலுவலகமே சும்மா உட்கார்ந்திருந்தபோது, எங்கள் பக்க வடிவமைப்பாளர்தான் வாயைக் கிளறினார். மீதியை அக்கா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அப்போது அக்கா வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது ஆண்டு. வேலை நிரந்தரமாக வேண்டிய ஆண்டும் அதுதான். ஒரு மலை விடுதியிலிருந்து அழைப்பு வந்தது. ரயில் நிலையத்துக்கே வண்டி வந்தது. மூன்று நாள் தங்கல், சாப்பாடு, எல்லாம் விடுதியின் உபயம். அந்த மலையின் பெருமை உச்சியிலிருந்து தெரியும் அருவி. அங்கே போகப் படிக்கட்டு உண்டு. பின்பக்கமாக விடுதியின் ஜீப் போகும் பாதையும் உண்டு. மழை தூறியதால் அக்காவை ஜீப்பில் அழைத்துப் போனார்கள், ஜீப்பிலேயே கீழே கொண்டுவந்துவிட்டார்கள். படிகளைப் பற்றி விடுதியின் விளம்பரத் தாளில் ஒரு வரி இருந்தது: ‘முதியோரும் சிரமமின்றி ஏறலாம்.’ அக்கா அதை இன்னும் அழகாக்கினார். ‘மெல்லச் சாய்ந்த படிகள் முதியவர்களையும் கைபிடித்து அழைத்துச் செல்லும்’ என்று எழுதினார். அலுவலகமே அந்த வாக்கியத்தைக் கொண்டாடியது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தை வெட்டித் தன் அம்மாவுக்கு அனுப்பிவைத்தார்.

ஒரு மாதம் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். திருமணமாகி நாற்பது வருடம் ஆனதைக் கொண்டாட, கட்டுரையை நம்பி மனைவியை அந்த மலைக்கு அழைத்துப் போனாராம். மனைவிக்கு முழங்கால் சரியில்லையாம். பாதி வழியில் ஏறவும் முடியாமல், இறங்கவும் முடியாமல் உட்கார்ந்துவிட்டார்களாம். திட்டு ஒன்றுமில்லை. கடைசி வரி மட்டும் இப்படி இருந்தது: ‘தாங்கள் ஏறியபோது படிகள் வேறு மாதிரி இருந்தனவா அம்மா?’

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பார். அந்த மனிதர் நிஜமாகவே கேட்டிருந்தார். அக்கா அட்டையை எடுத்துக்கொண்டு அன்றைய ஆசிரியரிடம் போனார்.

“பயணக் கட்டுரைன்னா கொஞ்சம் தூக்கலாத்தான்மா இருக்கும். படிச்சவங்க முழங்காலுக்கெல்லாம் நாமளா ஜாமீன்?” என்றார் ஆசிரியர். மோசமான மனிதர் அல்ல. அவசரத்தில் இருந்த மனிதர்.

அக்கா இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். யாருக்கும் சொல்லாமல் பேருந்து ஏறி அந்த மலையடிவாரத்துக்குப் போனார். படிக்கட்டு தொடங்கும் இடத்தில் ஒரு பெண்மணி டீக்கடை வைத்திருந்தார். டீயைக் குடித்துக்கொண்டே, இங்கே முடியாமல் உட்கார்ந்துவிட்டவர்கள் யாராவது உண்டா என்று அக்கா கேட்டார்.

“ஏன் இல்லாம? போன மாசம்கூட ஒரு அம்மாவை எங்க கடை நாற்காலியில உக்கார வச்சு, என் வீட்டுக்காரரும் தம்பியும்தான் தூக்கிட்டு இறங்கினாங்க. எந்தப் பத்திரிகையிலயோ ஈஸியா ஏறலாம்னு போட்டிருந்ததாம்.” கண்ணாடி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தபடி அவர் மேலும் சொன்னார்: “எழுதுறவங்க எல்லாம் ஜீப்புல வராங்க. படியில ஏறுறவங்க எழுதுறதில்ல. அதான் இப்படி ஆகுது.”

அந்தப் பத்திரிகை தன்னுடையதுதான் என்று சொல்ல அக்காவுக்கு நா எழவில்லை. எழுந்து படி ஏறினார். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே ஏறினார். எண்பதாவது படியில் மூச்சு வாங்கியது. உட்கார்வதற்கென்று முதல் இடம் வந்ததே நூற்று நாற்பத்தேழாவது படியில்தான். அதுவும் ஒரு தட்டைக் கல். இருநூறுக்கு மேல் அறுபது படிகளுக்குக் கைப்பிடிக் கம்பியே கிடையாது. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. மெல்லச் சாய்ந்தது என்று சொல்ல ஒரு படிகூட இல்லை. உச்சியில் அருவி இருந்தது. அன்றைக்கு அதைப் பார்த்த நினைவே தனக்கு இல்லை என்றார் அக்கா.

திரும்பி வந்து பன்னிரண்டே வரியில் ஒரு திருத்தம் எழுதினார். படிகளின் எண்ணிக்கை, கம்பி இல்லாத இடம், உட்காரும் கல். கடைசியில் மூன்று வரி: ‘இவற்றில் நான் ஏறாமலே எழுதிவிட்டேன். என் பயணச் செலவை விடுதி ஏற்றுக்கொண்டது. அதை வாசகருக்குச் சொல்லாதது என் தவறு.’

விளம்பரப் பிரிவு மேலாளர் கொதித்துப்போய் ஆசிரியர் அறைக்கு வந்தார். “விடுதிக்காரங்க ஆறு மாசத்துக்கு முழுப் பக்க விளம்பரம் தர்றதாச் சொல்லியிருக்காங்க சார். இந்தப் பன்னிரண்டு வரிக்காக அதை விடணுமா?” அக்காவின் பக்கம் திரும்பி, “உங்க வேலை நிரந்தரம் ஆகுற நேரம் வேற. யோசிச்சுக்கங்க” என்றார்.

அக்கா அஞ்சலட்டையை ஆசிரியரின் மேஜைமேல் வைத்தார். “நான் எழுதினதை நம்பி ஒரு அம்மா நடு மலையில உக்காந்துட்டாங்க சார். இது வரலன்னா, இனிமே அந்தப் பக்கத்துல என் பேரைப் போடாதீங்க.”

பக்கத்தின் அச்சுப் படியை வைத்துக்கொண்டு மூலையில் நின்றிருந்த இதே வடிவமைப்பாளர் தொண்டையைக் கனைத்தார். “குறுக்கெழுத்தைக் கொஞ்சம் சுருக்கினா இடம் கிடைக்கும் சார்.” ஆசிரியர் அவரை முறைத்தார், அக்காவைப் பார்த்தார், அஞ்சலட்டையை எடுத்து மறுபடி ஒருமுறை படித்தார். “சரி, சுருக்குப்பா” என்றார்.

திருத்தம் வந்தது. விளம்பரம் போனது. அக்காவின் வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வருடம் பிடித்தது.

அந்த இதழை எடுத்துக்கொண்டு நடத்துநரின் வீட்டைத் தேடிப் போனார் அக்கா. மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். கதவைத் திறந்தவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. உள்ளே ஜன்னலோரம் அவர் மனைவி, ஒரு காலை முக்காலிமேல் நீட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

“அந்தக் கட்டுரை எழுதினது நான்தாம்மா” என்றார் அக்கா.

“அட, அதுக்கா இவ்வளவு தூரம் வந்தே? முதல்ல உக்காரு. நாங்க கீழ விழவும் இல்ல, அடிபடவும் இல்ல. நூத்துச் சொச்சமாவது படியில ஒரு தட்டைக் கல்லு இருந்துது, அதுல உக்காந்துட்டோம்.”

“நூத்தி நாற்பத்தேழு” என்று அக்கா தன்னையறியாமல் சொல்லிவிட்டார்.

நடத்துநர் சட்டென்று நிமிர்ந்தார். பேருந்தில் தலைகளை எண்ணியே காலம் கழித்தவர் அல்லவா? “நீங்களும் எண்ணினீங்களா?”

“இப்பதான் எண்ணினேன் சார். முன்னாடி எண்ணல. அன்னிக்கு நான் ஏறவே இல்ல.”

நடத்துநர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து, அக்காவின் கையில் கொடுத்தார். அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மாதான் பேச்சை மாற்றினார்.

“ஒண்ணு சொல்லட்டுமா? அந்தக் கல்லுல மூணு மணி நேரம் உக்காந்திருந்தோம். இந்த மனுஷன் காலம் பூரா பஸ்ஸுல நின்னே வாழ்ந்தவர். எங்கூட அவ்வளவு நேரம் உக்காந்து பேசினது அன்னிக்குத்தான். எனக்கு அருவி பாக்கலைன்னு குறையே இல்ல.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இதையும் எழுதட்டுமாம்மா?” என்றார்.

“ஐயையோ, எழுதிடாதே! அடுத்த வாரமே ‘தம்பதிகள் மனசுவிட்டுப் பேசும் கல்’லுன்னு போர்டு வச்சு, டிக்கெட் போட்டுடுவாங்க.”

“டிக்கெட்டை வேணா நான் கிழிச்சுக் குடுக்குறேன்” என்றார் நடத்துநர். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எங்கள் பண்பின் பெருந்தகையே! அன்று தாங்கள் எழுதிய அந்த மூன்று வரிதான் இன்று எங்கள் பயணப் பக்கத்தின் ஒவ்வொரு கட்டுரைக்கும் அடியில் நிற்கிறது: செலவை ஏற்றவர் யார், எழுதியவர் கண்ணால் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது. அடுத்தவர் பிழையைத் திருத்தும்போதெல்லாம் தங்கள் குரல் ஏன் உயர்ந்ததே இல்லை என்பதும் எங்களுக்கு அந்தப் பிற்பகலில்தான் விளங்கிற்று. இருபத்தொன்பது ஆண்டுகளில் எத்தனையோ முழங்கால்களுக்குத் தாங்கள் ஜாமீன் நின்றிருக்கிறீர்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் பெயர்கூடத் தெரியாது.

இன்று மாலை ஐந்து மணியோடு அந்தப் பொறுப்பு தங்கள் தோளிலிருந்து இறங்குகிறது. இனிப் போகும் ஊர்களில் தங்களுக்குக் குறிப்பேடு வேண்டாம்; கேள்விகள் வேண்டாம்; வாசகரை நினைத்துக் கவலை வேண்டாம். நல்ல உடம்போடும், நிறைந்த தூக்கத்தோடும், நினைத்த நேரத்தில் நினைத்த இடத்தில் இறங்கி நிற்கும் நிம்மதியோடும், தாங்கள் பல்லாண்டு வாழ வேண்டும்!

முடிக்கும் முன் ஒரே ஒரு விண்ணப்பம். தங்களுக்குப் பிடித்த ஊர் எது என்று நாங்கள் எத்தனை முறை கேட்டும், “நான் சொன்னா அது விளம்பரம் ஆயிடும்ப்பா” என்று நழுவிவிடுவீர்கள். இனி அந்தத் தயக்கம் வேண்டாம். காரணம் வேண்டாம், சான்று வேண்டாம், யாரும் சரிபார்க்கப் போவதில்லை. ஒலிவாங்கி தங்கள் பக்கம் வருகிறது. சொல்லுங்கள் அக்கா, கேட்கக் காத்திருக்கிறோம்.

தங்கள் அன்பில் நனைந்த,
பயணப் பக்கத்தாரும் இதழின் அனைத்துப் பணியாளர்களும்