கச்சாலில் ரேடியோ இல்லை

தண்ணீர் முதலில் சாக்கடை வழியாக வருகிறது. களக், களக் என்று அடைப்பு உடையும் சத்தம். போர்ட் பிளேயரின் ஜங்லிகாட் தெருவில் கறுப்புத் தண்ணீர் கணுக்காலைத் தொடுகிறது. சாக்கடைதான் நிரம்பி வழிகிறது என்று நினைக்கிறேன். காலிலுள்ள கீறல் உப்பில் எரிகிறது. கடல்.

"பாகோ! பானி ஆ ரஹா ஹை! பாகோ!"

ஓடுங்கள், தண்ணீர் வருகிறது என்று இந்தியில் கத்தியது யாரென்று தெரியாது. எல்லோரும் மேட்டுப் பக்கம் ஓடுகிறார்கள். நான் ரேடியோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிறேன். போர்வையில் சுற்றிய பெட்டி. கைக்குழந்தை என்று நினைத்து ஒரு பெண் ஒதுங்கி வழிவிட்டாள். பின்னால் என் கணவர் ரவி. அவர் தோளில் லாரி பேட்டரி. அமிலம் சட்டையில் வடிகிறது.

"திரும்பிப் பாக்காத செல்வி! ஏறு! ஏறு!"

திரும்பிப் பார்த்தேன். படகு ஒன்று கடைத்தெருவுக்குள் வந்துகொண்டிருந்தது. அதில் ஆள் இல்லை.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. விடிந்து கொஞ்ச நேரத்தில் பூமி ஆடியிருந்தது. பாத்திரங்கள் உருண்டன. ஆட்டம் நின்றதும் எல்லோரும் வெளியில் நின்று சிரித்தோம். பிழைத்துவிட்டோம் என்ற சிரிப்பு.

ரேடியோவை ஏன் தூக்கினேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நகையை எடுக்கவில்லை. துணியை எடுக்கவில்லை. சென்னையில் படித்தபோது கல்லூரியில், பொழுதுபோக்காக அலைவரிசையில் பேசுகிறவர்களின் ஹாம் ரேடியோ கிளப் இருந்தது. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினேன். கல்யாணமாகி போர்ட் பிளேயர் வந்த பிறகு, இந்தத் தீவிலிருந்து பேசத் தனி அனுமதி வேண்டும் என்றார்கள். விண்ணப்பித்தேன். வரவில்லை. அதுவரை கேட்கலாம், பேசக்கூடாது. இங்கே என்னைப் போல இன்னொருவர் இருந்தார். பிஸ்வாஸ் தா. தா என்றால் வங்காளத்தில் அண்ணன். ஜங்லிகாட்டில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். இரண்டே பேர். அதையே கிளப் என்று சொல்லிக்கொண்டோம். ஞாயிறு காலைகளில் உலகம் பேசுவதைக் கேட்டுக்கொண்டு டீ குடிப்போம்.

மேட்டில் ஒரு பள்ளிக்கூடம். நாங்கள் போய்ச் சேரும்போது பிஸ்வாஸ் தா ஏற்கெனவே அங்கே நிற்கிறார். இடுப்புவரை சேறு. கடை போய்விட்டது. அவர் கையில் ஒரு சுருள் வயர். அவ்வளவுதான் மிஞ்சியது. அதை ஆன்டெனாவாகப் பலா மரத்தில் ஏறிக் கட்டினோம். போன் இல்லை. கரண்ட் இல்லை. பேட்டரியை மாட்டினேன். ரேடியோவின் மீட்டர் ஊசி எழுந்தது.

"பர்மிஷன்?" என்றேன்.

"போல் பெஹன், போல்," என்றார் அவர். பேசு தங்கச்சி, பேசு.

மைக்கின் பொத்தானை அழுத்தினேன். இந்தத் தீவிலிருந்து ரேடியோவில் நான் பேசிய முதல் வார்த்தை 'உதவி'. இரைச்சல். திரும்பக் கூப்பிட்டேன். இரைச்சல். பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, ஒரு ஆண் குரல். தமிழ். சென்னை.

"உங்க சிக்னல் கேக்குது. யாரும்மா நீங்க? அங்க என்ன ஆச்சு? ஓவர்."

நான் அழுதேன். பொத்தானை அழுத்தாமல் அழுதேன். அவருக்குக் கேட்டிருக்காது.

மதியத்துக்குள் பள்ளிக்கூடத்து வாசலில் கூட்டம். தமிழ், தெலுங்கு, வங்காளம், மலையாளம். எல்லோருக்கும் ஒரே சேதிதான். உயிரோடு இருக்கிறேன். ராமநாதபுரத்துக் கொத்தனார் ஒருவர் முன்னால் வந்து நின்றார்.

"அக்கா, அந்தமான்ல இருக்கேன், உசுரோட இருக்கேன். அம்புட்டுத்தான் சொல்லணும். சோறு திங்கிறேன்னும் சொல்லுங்க. இல்லாட்டி எங்கம்மா சாப்புடாது."

சொன்னேன். சென்னைக்காரர் எழுதிக்கொண்டு போன் செய்தார். அவருடன் வேறு குரல்களும் சேர்ந்தன. மதுரை. விசாகப்பட்டினம். ஜப்பானிலிருந்துகூட ஒருவர். ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் என் குரல் தெளிவாகக் கேட்டது.

தெற்கே நானூறு கிலோமீட்டரில் கச்சால் தீவு. அங்கே கேட்கவில்லை. கேட்க அங்கே யாரிடமும் ரேடியோ இல்லை.

நான் பிறந்த தீவு அது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களைக் கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடிவைத்தார்கள். எங்கள் குடும்பமும் ஒன்று. அப்பா இறந்த பிறகு அம்மா, தம்பியோடு கோத்தகிரிக்குப் போய்விட்டார். அக்கா சாந்தி மட்டும் கச்சாலில். மச்சானுக்குத் தோட்டத்தில் வேலை. இரண்டு பெண் பிள்ளைகள், கவிதா, மீனா. கிறிஸ்துமஸுக்கு முன்பு அக்கா போனில் சொல்லியிருந்தாள். கரையோர ஊரில் மேரி என்று ஒரு நிக்கோபாரித் தோழி. அவள் வீட்டில் பண்டிகை. பிள்ளைகளோடு போய் இரண்டு நாள் தங்கப்போகிறாள்.

கரையோர ஊர். எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சேதி சொல்லும்போதும் அதுதான் உள்ளே ஓடுகிறது.

ஒவ்வொரு சேதி முடிந்ததும் கேட்டேன். "கச்சாலில் யாராவது? கச்சாலில் யாராவது?" இரைச்சல். சோற்றுப்பானை அடிப்பிடிக்கும்போது வருமே, அந்தச் சத்தம். பிஸ்வாஸ் தா என் பக்கம் பார்க்காமல் வயரைச் சரிசெய்வார். வயரில் ஒரு கோளாறும் இல்லை.

மூன்றாம் நாள் என்று நினைக்கிறேன். சென்னைக்காரர் தன் போனை மைக்கருகே பிடித்தார். அந்தப் பக்கம் திருநெல்வேலியிலிருந்து ஒரு தாய். மகன் சுடலைமுத்து. கார் நிக்கோபார் தீவில் கட்டட வேலை. அங்கே கரையோரம் ஒன்றும் மிஞ்சவில்லை என்று ஹெலிகாப்டரில் வந்தவர்கள் முந்தின நாள் சொல்லியிருந்தார்கள்.

"அம்மா, ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும். பேசி முடிச்சதும் ஓவர்னு சொல்லுங்க. அப்பத்தான் நான் பேசுவேன். ஓவர்."

"எம் மவன் சுடலைமுத்து. கறுப்பா இருப்பான். நெத்தியில தழும்பு. பாத்தியா தாயி?"

 அவர் 'ஓவர்' சொல்லவில்லை. சென்னைக்காரர் பொத்தானை விடவில்லை. மூச்சு மட்டும் கேட்கிறது.

"ஓவர்னு சொல்லுங்கம்மா," அது சென்னைக்காரரின் குரல்.

"அந்தச் சொல்ல நான் சொல்லமாட்டேன்யா. எம் மவன் இருக்காம்லா. நான் எப்படி முடிஞ்சுபோச்சுன்னு சொல்லுவேன்?"

சென்னைக்காரர் பொத்தானை விட்டார். இப்போது என் முறை. 

"தேடச் சொல்றேம்மா," என்றேன். யாரிடம் சொல்ல? சேறும் டீசலும் நாறும் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வருடத்தின் கடைசி நாள். பகல். ரவி வாசலில் நிற்கிறார். உள்ளே வரவில்லை.

"ஹாடோ ஜெட்டிக்குக் கப்பல் வந்திருக்கு. கச்சால் ஆளுங்க இருக்காங்களாம்."

மைக்கை பிஸ்வாஸ் தாவிடம் கொடுத்தேன். கை திறக்கவில்லை. அவர்தான் விரல்களைப் பிரித்து எடுத்தார்.

ஜெட்டியில் ஆயிரம் முகங்கள். எல்லாம் ஒரே நிறம். மச்சானை நான் அடையாளம் காணவில்லை. அவர்தான் கூப்பிட்டார். மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். மூட்டை அவருடையது இல்லை. பக்கத்தில் யாரும் இல்லை. பக்கத்தைத்தான் முதலில் பார்த்தேன்.

"அக்கா?"

"பண்டியலுக்குப் போனவ வரல புள்ள. நான் மேல தோட்டத்துல ரப்பர் சீட்டுப் புகை போட்டுக்கிட்டு இருந்தேன். பொகக்கூண்ட விட்டுப் போவக்கூடாதுன்னு என்னய நிறுத்திட்டாங்க. கீழ கப்பல் ஒரசுற மாதிரி ஒரு சத்தம். ஓடி எறங்குனேன். ரோடு பாதியில முடிஞ்சுபோச்சு. அதுக்குக் கீழ ஊரு இல்ல. கடலுதான் இருக்கு."

பிறகு மச்சான் கேட்டார்.

"நீ ரேடியோவுல கூப்புட்டியாமே?"

"கூப்புட்டேன் மச்சான். தினமும்."

"ஒண்ணும் கேக்கலயே புள்ள."

அவர் குறையாகச் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கோத்தகிரியில் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். இங்கே இன்னும் போன் இல்லை. நான்தான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன். பிஸ்வாஸ் தா, "மை போல்தா ஹூம்," என்றார். நான் சொல்கிறேன் என்று. வேண்டாம் என்றேன். அவருக்குத் தமிழ்ப் பெயர்கள் வராது.

சென்னைக்காரர் வழக்கம்போலத் தயாராக இருந்தார். பெயர்களை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். சேதி வாங்குபவர் திருப்பிப் படித்துச் சரிபார்ப்பது முறை. அவர் படித்தார். அவர்கள் எனக்கு யாரென்று தெரியாமல் படித்தார்.

"சாந்தி. கவிதா. மீனா. மூணு பேரும் இல்லை. தகவல் குடுக்கிறவர் செல்வி. சரியா? ஓவர்."

"சரி."

பிறகுதான் அவருக்கு உறைத்தது. "செல்வி, நீங்களாம்மா?" என்றார்.   விசாகப்பட்டினம், மதுரை, யாரும் பேசவில்லை. எத்தனையோ பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் ஒன்றும் செய்ய முடியாது.

பத்து நிமிடம் இருக்கும். வாசலில் அடுத்த ஆள் நின்றிருந்தார். விஜயவாடாவுக்கு ஒரு சேதி. அனுப்பினேன்.

இழந்தவை. ஜங்லிகாட்டில் எங்கள் வாடகை வீடு. பிஸ்வாஸ் தாவின் கடை. கச்சாலில் நான் பிறந்த தோட்டத்து லைன் வீடு நிற்கிறது, அதற்குக் கீழே ஊர் இல்லை.

இழந்தவர்கள். என் அக்கா சாந்தி, முப்பத்தெட்டு வயது. கவிதா, பதினான்கு. மீனா, ஒன்பது. மூன்று உடல்களும் கிடைக்கவில்லை. திருநெல்வேலி சுடலைமுத்து, வயது கேட்கவில்லை, கிடைக்கவில்லை. அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் பண்டிகைச் சோறு போட்ட மேரி. அவள் கணவர். அவர்கள் வீட்டில் இன்னும் எத்தனை பேர் இருந்தார்கள் என்று அக்கா சொல்லவில்லை. சொல்ல அந்த ஊரில் யாரும் மிஞ்சவில்லை. ஆகவே இந்தக் கணக்கில் அவர்கள் எண்ணிக்கையை என்னால் எழுத முடியவில்லை.