முதல் ரேங்க்

– கதவைச் சாத்துங்க, தாவரவியல் மேடம். காலி கிளாஸ்ல அப்படி என்ன பேசணும்?

– திறந்தே இருக்கட்டும், தத்துவம் சார். கணக்கு வழக்கே தெரியாத டிகிரிக்காரங்களுக்குன்னுதானே இந்த அக்கவுண்ட்ஸ் கோர்ஸ்? பூ, இலைன்னு படிச்ச நானும் சரித்திரம் படிச்சவரும் முட்டி மோதிக்கிட்டிருக்கோம். நீங்க மட்டும் எப்படி சார் கால் மேல கால் போட்டுக்கிட்டு முதல் ரேங்க்?

– பொறாமை. வேறென்ன?

– முதல் நாள் ஞாபகம் இருக்கா? முதலாளி சொந்தப் பணத்தைக் கடையில போட்டா அது என்னன்னு கேட்டாங்க. கிளாஸ் மொத்தமும் வருமானம்னு எழுதினோம். நீங்க ஒருத்தர்தான், முதலாளிக்குக் கடை திருப்பித் தர வேண்டிய கடன்னு சரியா எழுதினீங்க.

– யோசிச்சா வரும்.

– ரெட்டைக் கோடுமா யோசிச்சா வரும்? மொத்தத்துக்குக் கீழ ஸ்கேல் இல்லாம சர்ருன்னு இழுக்கறீங்க. வருஷக்கணக்கா கணக்கு எழுதின கை சார் அது. தத்துவம் படிச்ச ஆள், இத்தனை மாசத்துல ஒரு தடவையாவது "ஏன்"னு கேட்டிருக்கீங்களா?

– குரலைத் தாழ்த்துங்க.

– மாட்டேன்! டீச்சர் வேலையை விட்டுட்டு வந்திருக்கேன். இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலைன்னு மாமியார் தினம் குத்திக் காட்டறாங்க. கோர்ஸ் முடிஞ்சதும் முதல் ரேங்க்குக்கு மட்டும்தான் ஒரு கம்பெனியில வேலை தர்றாங்க. அதை நீ தட்டிப் பறிப்பே, நான் வேடிக்கை பார்க்கணுமா?

– ஓ, நீ, வான்னு ஆயிடுச்சா?

– திருட்டு முழிக்கு மரியாதை ஒரு கேடா?

– சரி, கேட்டுக்க. நான் படிச்சது அக்கவுண்ட்ஸ்தான். காலேஜே எனக்குச் சம்பளம் குடுத்து இங்க உக்கார வெச்சிருக்கு. போன வருஷம் பாதிப் பேர்கூடப் பாஸ் ஆகல. இந்த வருஷமும் அப்படின்னா யுனிவர்சிட்டி கோர்ஸையே மூடிடும். அதுக்குத்தான் என்னை மாதிரி நாலு பேர்.

– அடப்பாவிகளா! கடைசி பெஞ்ச் பிசிக்ஸும் உங்க ஆளா?

– அவன் நிஜமாவே மக்கு.

– எனக்குச் சிரிப்பு வரல.

– உனக்கு வேலைதானே வேணும்? எனக்கு எதுக்கு அது? ரிசல்ட் வந்ததும் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டே இருப்பேன். அடுத்த ரேங்க் நீதான். தானா உன் மடியில வந்து விழும். பிரின்சிபாலே சொல்லிட்டார்.

– எனக்கா?

– உனக்கேதான். வாயை மட்டும் மூடிக்கிட்டு இரு. விஷயம் வெளிய போச்சுன்னா கோர்ஸும் செல்லாது, நீ ராத்திரி பகலா படிச்சதும் செல்லாது. இன்னிக்குன்னு பார்த்து யுனிவர்சிட்டியிலேருந்து சோதனைக்கு ஒரு அம்மா வேற வந்திருக்கு.

– கண்ணாடி போட்டுக்கிட்டு, நீலப் பையோட?

– ஆமா. நீ எங்க பார்த்தே?

– கதவுக்கு அந்தப் பக்கம்தான் நிக்கறாங்க. நான்தான் கூட்டிட்டு வந்து நிறுத்தினேன்.